மெத்தென்ற ரப்பர்

“அவரு உக்கார்றதுக்கு முன்னாடி பழசையே மாட்டிடுக்கா. இது நசுங்கி இடிச்சுதுன்னா மாமா முதுகு அவ்ளோதான்.”

“நாளைக்குத்தானே உக்காரப் போறாரு. நீ வாயத் தொறக்காம இருந்தாலே போதும்.”

ஸ்பேனரை எடுக்க வந்தவர் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே பேசியது அவருடைய மனைவியும் மச்சினனும்.

அவர் இருமினார். பேச்சு நின்றது. ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். “வெயில் ஓவரா இருக்குல்ல மாமா” என்று சொல்லிவிட்டு மச்சினன் ஜீப்பில் ஏறிப் போனான். டீ குடிக்காமல் அவன் அந்த வீட்டை விட்டுக் கிளம்பி அவர் பார்த்ததே இல்லை.

மனைவி வீட்டுக்குள் போய்விட்டாள்.



உள்ளே கிளைடர், இன்ஜின் இல்லாத ஒற்றை ஆள் விமானம், சாதுவாக நின்றுகொண்டிருந்தது. நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கிளைடர். அவரே அறுத்து, ஒட்டி, தேய்த்துச் செய்தது. இறக்கைத் துணியை மட்டும் மனைவி ஒட்டிக் கொடுத்தாள். நாளைக் காலை மச்சினனின் ஜீப் கயிறு கட்டி இழுக்க, அது முதல்முறையாக மேலே எழும்ப வேண்டும். அவரை வைத்துக்கொண்டு.

குனிந்து சக்கரத்துக்கு மேலே கைவிட்டுப் பார்த்தார்.

அங்கேதான் ரப்பர் அடுக்கு. நடுவில் ஓட்டை போட்ட தடித்த ரப்பர் வட்டுகள், வட்டுக்கு வட்டு ஒரு தகடு. தரையில் இறங்கும்போது விழுகிற அடியை வாங்கிக்கொள்ள அதைத் தவிர வேறு நாதியில்லை. போன கிளைடரில் அந்த ஏற்பாடே கிடையாது. அதில் தடாலென்று இறங்கித்தான் முதுகெலும்பில் விரிசல் விட்டு, பல மாதம் படுக்கையில் கிடந்தார்.

அதனால் இந்த ரப்பரை அவர் தன் எடைக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். கனமான ஆளுக்கு மெத்தென்ற ரப்பர் போட்டால் மொத்தமாக நசுங்கி இரும்போடு இரும்பு இடிக்கும். லேசான ஆளுக்குக் கெட்டி ரப்பர் போட்டால் பந்து மாதிரி தூக்கி எறியும்.

கட்டைவிரலால் அழுத்தினார்.

விரல் உள்ளே போனது.

இது அவர் போட்ட ரப்பர் இல்லை.

மச்சினனுக்கு டயர் கடை. ரப்பருக்கா பஞ்சம்? ஆனால் எதற்கு? படுக்கையில் கிடந்தபோது “இனிமே அந்தப் பலகையில ஏறுனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றவள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அப்போதே தோன்றியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்களோ?

டார்ச்சை அடித்தார்.

ரப்பர் அடுக்குக்கு அடியில் இரும்பு முட்டுக்கட்டை. அதன் மேல் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி வைப்பது அவர் பழக்கம். இறங்கிய பிறகு உருண்டை எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று பார்த்தால், அடி எவ்வளவு பலம் என்று தெரிந்துவிடும்.

கிளைடர் இன்னும் மண்ணை விட்டு எழும்பவே இல்லை. உருண்டை உருண்டையாகத்தான் இருக்க வேண்டும்.

பாதி தட்டையாகி இருந்தது. சக்கரத்து அச்சில் புல் சுற்றியிருந்தது.

ஓகோ. அவர் வேலைக்குப் போன நேரத்தில் வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கேயோ போட்டு உடைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த ரப்பரைச் சொருகி மறைக்கப் பார்க்கிறார்கள்.

கோபத்தோடு உள்ளே ஏறி உட்கார்ந்தார். கீழே ரப்பர் புசுக்கென்று அமுங்கியது. முதுகில் ஏதோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தால், சோபாவில் இருந்த குஷன். துவைக்கப் போட்டிருப்பதாக அவள் சொன்ன அதே நீலக் குஷன்.

பெல்ட்டை மாட்டப் பார்த்தார்.

எட்டவில்லை.

இரண்டு முனையையும் தொப்பைக்கு மேல் இழுத்துப் பிடித்தும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. யாரோ பெல்ட்டைச் சுருக்கியிருக்கிறார்கள். மச்சினனா? அவன் உட்கார்ந்தால் கிளைடர் எழும்பாது, தரை வேண்டுமானால் கொஞ்சம் இறங்கும்.

பெல்ட்டைப் பிடித்தபடியே நீலக் குஷனைத் திரும்பிப் பார்த்தார்.

அவளை அவர் முதன்முதலில் பார்த்தது கிளைடர் பழகிய மைதானத்தில். அவளும் அங்கே பழகியவள்; கிளைடரை அவரைவிட மெதுவாகத் தரையில் இறக்குவாள். கல்யாணத்துக்குப் பிறகு ஏன் நிறுத்தினாள் என்று அவர் கேட்டதில்லை.

களிமண் இப்போது அவர் எடையில் தாளாகியிருக்கும். பார்க்கத் தேவையில்லை. பாதிதான் தட்டையாகியிருந்தது என்பது ஞாபகம் இருந்தது. பூப்போல இறக்கியிருக்கிறாள்.

வாசலில் டீயோடு அவள் நின்றாள். பார்வை அவர் கையிலிருந்த பெல்ட் முனையிலேயே இருந்தது.

“குஷன் துவைச்சாச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் காயல.”

அவர் மெதுவாக இறங்கினார். நசுங்கிய களிமண்ணைச் சுரண்டி எடுத்து, உருட்டி, திரும்ப ஒட்டினார். குஷனை எடுத்த இடத்திலேயே வைத்தார். பெல்ட்டை நீட்டவில்லை. ரப்பரைத் தொடவில்லை.

“நாளைக்கு உன் தம்பியச் சாவி மட்டும் குடுக்கச் சொல்லு. ஜீப்ப நான் ஓட்டுறேன்.”

அவள் டீயை நீட்டினாள். 

நான்கு வருஷம் உழைத்தவர், முதல் தடவை பறப்பது தானாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். நீங்களாக இருந்தால் அந்தப் பெல்ட்டை நீட்டியிருப்பீர்களா, விட்டிருப்பீர்களா? மனசில் பட்டதை மறைக்காமல் கீழே எழுதுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.