வாசலில் கிடந்த செருப்புகள்

விடிந்து பார்த்தால் அமைச்சர் வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். எல்லாம் இளவட்டங்களுடையவை. உள்ளே விருந்துக்கு வந்தவர்கள் கழற்றி விட்டதுபோல அத்தனையும் கதவைப் பார்த்துக் கிடந்தன. போன வாரம் யாருடைய போருக்கோ கப்பலேற்றி அனுப்பப்பட்ட பையன்களின் செருப்புகள் அவை என்று சொல்ல ஆள் தேவைப்படவில்லை. இரவுக் காவலாளி எதையுமே பார்க்கவில்லை என்று சாதித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

“அந்த நாட்டுத் தூதர் வர்றதுக்குள்ள அள்ளிக் கடாசுய்யா!” என்று அமைச்சர் உள்ளிருந்து கத்தினார்.

பகல் காவலாளி மாசிலாமணி கோணிப்பையை விரித்தான். கை வேகமாக ஓடியது, மனசு ஓடவில்லை. நேற்று சோறு போடும்போது பெண்டாட்டி சரசு கேட்டதே காதில் நின்றது: “எவனோ எவனோடயோ அடிச்சுக்கறான். அந்த ஊர் பேருகூட நம்ம வாயில நுழையல. அங்க போயி எம்புள்ள எதுக்குச் சாகணும்?” என் வேலைக்கு உலை வைக்காதே என்று அவன் எரிந்து விழுந்தான்.

கடைசி வரிசையில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு. அந்த ஊக்கை மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

“இன்னும் என்னய்யா அங்க? யாரு வந்திருக்கா?”

மாசிலாமணி கோணியைக் கவிழ்த்துக் கொட்டினான். நீலச் செருப்பை மட்டும் கதவைப் பார்த்து ஜோடியாக வைத்தான்.

“உள்ள எம்மவன் இருக்கான்யா,” என்றான். “வரச் சொல்லுங்க.”