சலூனுக்கு எதுக்கு வீடியோ கேம்?

“நாற்காலி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, எதை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க?”

சலூன்காரரின் மனைவி கல்லாவை விட்டு எழுந்தேவிட்டாள். அவர் அட்டைப்பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பெட்டியின் மேல் ஒரு கார் பறந்துகொண்டிருந்தது.

“வீடியோ கேம்,” என்றார்.

“அது தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. சலூனுக்கு எதுக்கு வீடியோ கேம்?”

“கஸ்டமர் வருவாங்க.”

கடையில் இருப்பது ஒரே ஒரு சுழல் நாற்காலி. அதுவும் உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். புதுசு வாங்க அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்தான் இப்படிக் காராகிப் பறந்திருக்கிறது.

கூடப் போய் வந்த அவள் தம்பி தன் பங்குக்குக் கொளுத்திப் போட்டான்.

“இதுல பாதி விலைக்கு இன்னொண்ணு இருந்துச்சுக்கா. அதுலயும் இதே கார் கேம்தான். தலையால அடிச்சுக்கிட்டேன். மாமா காதுல போட்டுக்கவே இல்ல. இதேதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

“நிப்பாரு. எதிர்மாடிக்குப் புதுசா வந்திருக்காளே தையல்காரம்மா, அவ பையன் வேலை வெட்டி இல்லாம நாள் முழுக்க இதைத்தான் கட்டிக்கிட்டு அழறான். தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி, ரவுடி மாதிரி! பெத்தவ ஒரு வார்த்தை கேக்கறதில்ல. உங்களுக்கும் அவனை மாதிரி ஆகணும்னு ஆசை வந்துடுச்சா?”

சலூன்காரர் கடை டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகினார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாங்கி வைத்ததை யாரையும் தொட விடவில்லை மனிதர். மேலே துணியைப் போட்டு மூடிவிட்டார். முடி வெட்ட வந்த பிள்ளைகள் ஆசையாகக் கேட்டால் “ரிப்பேர்” என்று ஒரே வார்த்தை.

“கஸ்டமர் வருவாங்கன்னு சொல்லிட்டு, வந்த கஸ்டமரையும் விரட்டுறீங்களே?”

“ஆளாளுக்குத் தொட்டா கெட்டுப்போயிடும்.”

தெருவே அவருக்குப் ‘பெட்டி காத்த பூதம்’ என்று பெயர் வைத்தது. வைத்தவளே அவர் மனைவிதான்.

சில வாரம் போயிருக்கும். சாய்ந்த நாற்காலியில் சாய்ந்தபடியே ஷேவிங் செய்துகொண்டிருந்த பால்கடைக்காரர் பேச்சை எடுத்தார்.

“அக்கா, மாடி ரவுடியைப் பாத்தீங்களா? இடப்பக்கம் கிராப், வலப்பக்கம் தோள் வரைக்கும் தொங்குது. பாதி வெட்டும்போதே பயந்து ஓடிட்டானோ என்னவோ!”

கடையே சிரித்தது.

“எந்தப் புண்ணியவான் வெட்டினானோ, கத்திரி பிடிக்கத் தெரியாதவன்!” என்றாள் மனைவி.

சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் எதற்குமே சிரிப்பு வராதே.

கடை விடுமுறை அன்று, சாப்பிட்ட கையோடு அவர் சாவியை எடுத்தார்.

“கண்ணாடி துடைக்கணும்.”

போன வாரமும் கண்ணாடிதான். அதற்கு முந்தின வாரமும் கண்ணாடிதான். மனைவி கொஞ்ச நேரம் விட்டுப் பின்னாலேயே போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கார் உறுமுகிற சத்தம்.

‘வசமா மாட்டினீங்க’ என்று குனிந்து உள்ளே நுழைந்தாள்.

நாற்காலியில் மாடி ரவுடி. கையில் கேம் ரிமோட், கண் டிவியில். பின்னால் சீப்பும் கத்திரியுமாக அவள் புருஷன். திரையில் கார் ஓடும்போது கத்திரி தலையை நெருங்கியது. கார் நின்றால் கத்திரியும் நின்றது.

சலூன்காரர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா எழுந்து வந்து அவள் காதோடு பேசினாள்.

“தலையில யார் கை பட்டாலும் அலறிடுவாம்மா. குழந்தையிலேருந்தே அப்படித்தான். நாலு பேர் அமுக்கிப் பிடிச்சு வெட்டிக்கிட்டிருந்தோம். வளர்ந்த பிறகு அதுவும் முடியல. வீட்டுக்கு ஆள் வந்தா ரூமைச் சாத்திக்குவான். ‘எதுக்குத்தான் சும்மா உக்காருவான்’னு அண்ணன் கேட்டாரு. இந்தக் கேமுக்கு மட்டும்தான்னு சொன்னேன். வீட்டுப் பெட்டியைக் கழட்ட விடமாட்டான். வேற மாடலா இருந்தா, பட்டன் மாறியிருக்குன்னு தூக்கிப் போட்டுடுவான். போன தடவை நிறுத்தின இடத்துலேருந்தே ஆரம்பிக்கலைன்னாலும் போச்சு.”

மனைவிக்குச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் மறந்துபோனது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரையில் கார் கவிழ்ந்தது. ரவுடி தோளைக் குறுக்கிக்கொண்டு தலையைப் பொத்திக்கொண்டான். சலூன்காரர் சட்டென்று கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“இன்னிக்கு இவ்வளவு போதும்டா ராஜா. நல்லா ஓட்டினே.”

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி கேட்டாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நாலு பேர் வேடிக்கை பாக்க வந்தா அவன் நம்ம கடைப் படி ஏற மாட்டான்.”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பொய்யில்லையே.

மறுநாள் பால்கடைக்காரர் வந்தார். நாற்காலி சாய்ந்தது.

“அக்கா, சமாச்சாரம் தெரியுமா? ரவுடிக்கு இப்ப பின்பக்கமும் குதறி வெச்சிருக்கான் எவனோ! எந்தக் கடையில போய்த்தான் தலையைக் குடுக்கறானோ?”

கடையே சிரித்தது. சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து போய், வீடியோ கேம் மேல் விலகிக் கிடந்த துணியை இழுத்து மூடினாள்.

“எங்க கடையிலதான்,” என்றாள். “மீதி அடுத்த வாரம்.”