ரேஞ்சரின் நாலு மணி

நாலு மணி அடித்ததும் நாய் ரேஞ்சர் எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. காப்பிச் செடிகளுக்குள் புகுந்து பக்கத்துத் தோட்டத்துச் சோண்டம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"துரை போறதைப் பாருங்க! சோறு மட்டும் இங்க, கொஞ்சல் எல்லாம் அங்க!" என்று பொருமினாள் தேச்சம்மா.

அவள் கணவர் நஞ்சப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சோண்டம்மா வீட்டுப் பன்றிக்கறி ருசியா இருக்குமோ என்னவோ."

இது போதாதா? தேச்சம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் கைப் பன்றிக்கறியைக் குறை சொன்ன ஆள் விராஜ்பேட்டைப் பக்கமே கிடையாது.

ரேஞ்சரை அவள் வளர்த்த வளர்ப்பு சாதாரணமா? மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிடரியில் உண்ணி மருந்து, சொட்டுச் சொட்டாக. கடையில் அவளே கேட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விறகு போட்டு அண்டாவில் வெந்நீர் கொதித்தால் முதல் குளியல் அதற்குத்தான், சீயக்காய் தேய்த்து. நஞ்சப்பாவெல்லாம் அப்புறம்தான்.

மழை விழுந்து புல் முளைத்துவிட்டால் ஊர் நாய்கள் எல்லாம் காதைச் சொறிந்துகொண்டு திரியும். ரேஞ்சர் மட்டும் பளபளவென்று நடமாடும். "என் நாய் மேல ஒரே ஒரு உண்ணி காட்டுங்க, கைவளையலைக் கழட்டித் தரேன்" என்று மகளிர் சங்கத்தில் சவால் விட்டவள் அவள்.

அப்படிப்பட்ட நாய் தினமும் இன்னொருத்தி மடியில் போய்த் தலை வைப்பதா?

அன்றைக்கு அவளும் பின்னாலேயே போனாள்.

சோண்டம்மா வீட்டுக் கொல்லைப்படியில் ரேஞ்சர் நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதன் காது மடலுக்குள் சோண்டம்மாவின் விரல்கள். சுகத்தில் கண் பாதி மூடியிருந்தது. தேச்சம்மாவிடம் அது ஒருநாளும் இப்படிக் கிடந்ததில்லை.

"அக்கா! எலும்பு போட்டு மயக்கி வச்சிருக்கீங்களா என் நாயை?"

சோண்டம்மா திடுக்கிட்டுப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"மறைக்கிறதைப் பாரு!"

"ஒண்ணும் போடல தேச்சு. தானா வரான். கொஞ்ச நேரம் தடவிக் குடுக்கிறேன், அவ்வளவுதான்."

"உங்க நாய் ஜூலியைக் காப்பாத்தத் துப்பில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால மண்ணுக்குக் குடுத்துட்டீங்க. இப்ப என் நாய்தான் கிடைச்சுதா?"

சோண்டம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ரேஞ்சரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தேச்சம்மா கையில் கொடுத்தாள்.

"கூட்டிட்டுப் போம்மா."

அன்றிலிருந்து ரேஞ்சருக்குச் சங்கிலி. நாலு மணியானால் அது வேலியைப் பார்த்து ஊளையிடும். அந்த ஊளை பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று தேச்சம்மாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

மூன்றாவது வாரம் ஊளை நின்றது. சோறும் நின்றது. தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் நடக்கத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துவிட்டது.

"அவ என்னத்தையோ போட்டிருக்கா! சும்மா விடமாட்டேன்!" என்று அழுதுகொண்டே ரேஞ்சரை ஜீப்பில் ஏற்றினாள்.

கால்நடை டாக்டர் மந்தண்ணா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது. பிறகு காது மடலைப் புரட்டினார்.

"உண்ணிக் காய்ச்சல்மா. இங்க பாருங்க, கால் விரலிடுக்குலயும் பாருங்க."

ஊறப்போட்ட பயறு மாதிரி கொத்துக் கொத்தாக இருந்தன.

"இருக்கவே முடியாது டாக்டர்! மாசாமாசம் மருந்து விடறேன். மறுநாளே வெந்நீர்ல குளிப்பாட்டறேன்!"

"மறுநாளேவா? மருந்து விட்டா ரெண்டு நாளைக்குத் தண்ணியே படக்கூடாதே! அது தோல்ல பரவறதுக்குள்ள சீயக்காய் போட்டுக் கழுவி விட்டிருக்கீங்க."

"அப்ப... ரெண்டு வருஷமா இவன் மேல ஒண்ணுகூட இல்லையே?"

"சோண்டம்மா அக்காதான் தினமும் உட்கார்ந்து ஒண்ணொண்ணா எடுத்துச் சோப்புத் தண்ணிக் கிண்ணத்துல போட்டாங்களே! எடுக்கிற இடுக்கிகூட நான் குடுத்ததுதான். என்ன, இப்ப கொஞ்ச நாளா விட்டுட்டாங்களா?"

தேச்சம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க, பிழைச்சுக்குவான்" என்று டாக்டர் ஊசியை எடுத்தார்.

தேச்சம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

"ஏன் டாக்டர், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? நான் ஒண்ணும் தெரியாதவ, அவங்கதான் கெட்டிக்காரின்னு காட்டிக்கணுமா?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நானும் அதைத்தான் கேட்டேன்மா. அவங்க ஜூலியும் இதே காய்ச்சல்லதான் போச்சு. அது செத்த மறுநாள்தான் ரேஞ்சர் உடம்புல இருந்த உண்ணியை அவங்க பாத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணாப் புரண்டு விளையாடினதுங்க இல்லையா? 'நான் இப்ப சொன்னா, ஜூலிக்கு எங்கேருந்து வந்ததுன்னு தேச்சுவுக்குப் புரிஞ்சிடும் டாக்டர். அப்புறம் பாவம், அவ என் முகத்தைப் பாக்கவே கூசுவா'ன்னாங்க."