ஸ்கவுட்டுக்குக் கண் இல்லை

குன்சான் நகரத்தின் சூப்புக் கடையில் பியோ மான்சு ஒரு மனுவை நீட்டினார்.

“சித்தி, கையெழுத்துப் போடுங்க. நம்ம கால்பந்து கிளப்புக்கு ஆட்டக்காரங்களைத் தேடிப் பிடிக்கிற ஸ்கவுட்டை வேலையை விட்டுத் தூக்கணும்.”

கடைக்காரச் சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “பாவம் தம்பி, ரெண்டு புள்ளைக்காரர். அப்படி என்ன பண்ணிட்டார்?”

“தோ யுன்ஜே நம்ம ஊர்ப் பையன். நேத்து எதிர் டீமுக்கு ஆடி நமக்கே மூணு கோல் போட்டான். ஸ்கூல்லயே அவனைப் பிடிச்சுப் போட்டிருக்க வேணாமா? பந்தைத் தொடற அழகைப் பார்த்தாலே தெரியாது? நானா இருந்தா விட்டிருப்பேனா?”

சித்தி பேனாவை வாங்கினாள்.

கதவு திறந்தது. கையில் கார்னேஷன் பூவோடு யுன்ஜேயே நின்றான். கடை மொத்தமும் எழுந்தது. அவன் நேராக பியோவிடம் வந்து இடுப்பு வளையக் குனிந்தான்.

“ஆசிரியர் தின வாழ்த்துகள் சார். இங்கதான் இருப்பீங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க.”

பியோ விழித்தார். “நீ என்கிட்ட ஆடியிருக்கியா?”

“பத்தே நிமிஷம் சார், ஸ்கூல் டீம் செலக்‌ஷன் அன்னிக்கு. கால் குட்டை, போய்ப் படின்னு ஜெர்சியைக் கழட்ட வெச்சீங்க. அந்தப் பையன் யாருன்னு ஸ்கவுட் கேட்டார். தண்ணி எடுத்துக் குடுக்கிறவன்னு சொன்னீங்க. அந்த ரோஷத்துலதான் வேற ஊர்ல போய்ச் சேர்ந்தேன். எல்லாம் உங்க புண்ணியம் சார்.”

பூவை அவர் சட்டையில் குத்திவிட்டான்.

சித்தி பேனா மூடியைத் திறந்தாள்.

“பேரை மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க வாத்தியாரே, போட்டுடறேன்.”