தோளில் ஏறிய சைக்கிள்

சேற்றிலும் ஓடும், தார்ச்சாலையிலும் ஓடும் சைக்ளோகிராஸ் சைக்கிள்கள் விற்கிற கடையொன்றில் ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் மிஞ்சி நின்றனவாம். இன்றைக்கும் விலைபோகாவிட்டால் பச்சையைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்றுவிடுவதென்று கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து வைத்துவிட்டார். பச்சை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது செவ்வந்தி என்றொருத்தி வந்தாள். "தினம் வேலைக்குப் போகணும், ஞாயித்துக்கிழமை சும்மா பந்தயத்துக்கும் போகணும். இந்த மாதிரி வண்டி எனக்கு இதுதான் முதல் தடவைண்ணே," என்றாள்.

அந்தப் பந்தயத்தில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய மேடும் வருமாம். அதனால் முதலில் சிவப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

சிவப்புக்கு வந்ததே கோபம்! "ஆளைச் சுமக்கிற என்னையே இவ சுமப்பாளா?" என்று ஹேண்டில்பாரைத் திருப்பி அவள் தாடையில் இடித்தது. அவள் அதை இறக்கிவிட்டு, பச்சையின் அடியில் தோளைக் கொடுத்தாள்.

"ஏறிக்கடா கொழந்தே, தாலாட்டுப் பாடுவாங்க," என்று சீண்டியது சிவப்பு.

பச்சைக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, அதன் ஹேண்டில்பாரும் அவளை இடிக்கத் திரும்பப் போனது. ஆனால் ஸ்பேனர் கண்ணில் பட்டதும், பச்சை பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் கடைப் படிகளில் ஓடி ஏறினாள், ஓடி இறங்கினாள். பச்சை மூச்சுகூட விடவில்லை.

"இதையே குடுங்கண்ணே."

பணத்தைக் கொடுத்தவள், தோளிலிருந்து இறக்காமலே வாசலைத் தாண்டினாள்.

"பாத்தீங்களா! அதைத் தூக்கிக்கிட்டுத்தான் போறாங்க!" என்று கடைக்குள் நின்றபடியே சிரித்தது சிவப்பு.