அன்றைக்குப் பார்த்து அவரைக்காய்

தாம்பாளம் நிறைய அவரைக்காய் குவிந்து கிடந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெங்காயம் என்றல்லவா சொன்னார்கள்.

பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். புதன்கிழமை சாயங்காலம் மெஸ்ஸின் பின்கூடத்தில் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். பெயர் கேட்க மாட்டார்கள். என்ன படிக்கிறாய் என்றும் கேட்க மாட்டார்கள்.

உளவியலில் ஆராய்ச்சி செய்யும் மெஹ்ருன் அக்காவின் ஏற்பாடு அது. மாணவர் ஆலோசனை மையம் என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கத்தான் செய்தது. பரீட்சைக் கட்டணம் கட்டும் வரிசைக்கு நேர் எதிரே. உள்ளே போகிறவரை ஊரே பார்க்கும். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வெங்காயம் உரிக்கிறவர் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மூக்கை உறிஞ்சலாம். தேம்பலாம். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். பேசத் தோன்றினால் அக்காவிடம் பேசலாம். உரித்த வெங்காயம் மெஸ் மாஸ்டருக்குக் கசக்குமா என்ன.

அதை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

அவளுக்கு அழுகையே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண். எம்.எஸ்சி. முதல் பருவத்திலேயே மூன்று தாள் போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது தேற்றியிருக்கலாம். யாரிடமாவது சொன்னால்தானே தேற்றுவார்கள்.

வகுப்புக்குப் போவது நின்றது. அப்புறம் பசி நின்றது. இப்போதெல்லாம் காலையில் ஏன்தான் விழித்தோம் என்று இருந்தது.

ஒரு தடவை அழுதுவிட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தாள்.

அவரைக்காய்க்கு யார் அழுவார்கள்?

திரும்பப் போனவளை மெஹ்ருன் அக்கா பார்த்துவிட்டாள்.

"வாம்மா, உக்காரு. வெங்காயம் வெல ஏறிப்போச்சாம். மாஸ்டர் இன்னைக்கு இதத்தான் குடுத்தாரு."

பாயில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இம்மானுவேல் என்ற இயற்பியல் மாணவன் நகர்ந்து இடம் விட்டான். உட்காராமல் போனால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்தாள்.

முனையைக் கிள்ளி, நாரை உரித்து, காயை ஒடித்துப் போட வேண்டும். அவளும் கிள்ளினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது.

ஒரு காயின் நார் அறுபடாமல் வந்தது. முனையிலிருந்து முனை வரைக்கும், முழுசாக.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கையால் ஒழுங்காக முடிந்த காரியம் அதுதான்.

நாரைப் பிடித்தபடியே இருந்தாள். ஒரு சொட்டு தாம்பாளத்தில் விழுந்தது. அப்புறம் நிற்கவில்லை.

சாக்குச் சொல்ல வெங்காயம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மானம் போயிற்று. எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள்.

இம்மானுவேல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னக்கா இது, அவரைக்காய் இந்த எரி எரியுது!"

"நாட்டு அவரைடா. அப்படித்தான் எரியும்," என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

"ஆமாக்கா, எனக்கும்," என்றாள் ஓரத்தில் இருந்த பெண். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

மாஸ்டர் காய் ஆயிற்றா என்று எட்டிப் பார்த்தார். அவரைக்காயைப் பார்த்தார். முகங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமை மாடு மாதிரி வளர்ந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து அவரைக்காய்க்கு அழுகிறார்கள். அவளுக்காகப் பொய் சொல்கிறார்கள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் கிண்டல் செய்வார்கள். டீயைக் குடித்தாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போன பிறகு, காய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதுக்கா."

அக்காவின் கை நின்றது.

"நல்லவேள, சொன்ன. இன்னைக்கு என் ரூம்லயே படுத்துக்க. நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போவோம்."

அவ்வளவுதான். உபதேசம் எதுவும் இல்லை. அதற்காகவே அக்காவை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போது போன் அடித்தது. அம்மா.

தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். தினமும் ஒரே பதில்தான். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், படிக்கணும், வைக்கிறேன்.

பேசட்டும் என்று அக்கா எழுந்தாள். அவள் அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மறுபடியும் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டியாடி?"

"இல்லம்மா," என்றாள். "நீ போன வச்சிராத."