வக்கீல் வீட்டு நீலக் கார்

நாலு வருடமாகச் சின்னக் கார் சங்கத்தின் போட்டியில் கடைசி இடத்தைத் தவிர வேறு இடத்தைப் பார்க்காத பல்லுக்காரர், இந்த வருடம் திருடிவிட்டார்.

பல் செட் செய்வது அவர் தொழில். உள்ளங்கை அளவுக்கு ரெசினில் வார்த்த கார்களைச் செதுக்கி வர்ணம் பூசுவது பைத்தியம். பல்லெல்லாம் அச்சாக வரும். கார் மட்டும் கோணிக்கொள்ளும்.

"முப்பத்திரண்டு பல்லை வரிசையா வைக்கத் தெரியுது, நாலு சக்கரத்தை நேரா வைக்கத் தெரியலையே" என்று மனைவி சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம்தான் வக்கீல் வீட்டுக்குப் பல் செட் அளவெடுக்கப் போனார். போன வருடம் முதல் பரிசு வாங்கிய நீலக் கார் திறந்த அலமாரியில் நின்றது. வக்கீலோ வாய் நிறைய அளவு மாவோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் அசையக் கூடாது என்று சொன்னவரே இவர்தான். கார், பல் செட் டப்பாவுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து திறந்தால், மூடி அழுத்தி கூரைத் தூண் ஒன்று முறிந்திருந்தது. அதைவிடப் பெரிய கவலை வேறு. சங்கத்தின் வழக்கப்படி, போன வருடம் ஜெயித்தவர்தான் இந்த வருடம் நடுவர். வக்கீல் தன் காரை அடையாளம் கண்டுகொண்டால் சங்கத்தை விட்டு விரட்டுவார்கள் என்பது மட்டுமில்லை. அதன் பிறகு ஊரில் யார் இவரை நம்பி வாயைத் திறப்பார்கள்?

பெற்றவளுக்கே தெரியாதபடி மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். மனைவி வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார். நீலத்தைத் தேய்த்தால் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. கதவோரத்தில் ஓட்டையைப் பட்டி பூசி அடைத்த தடம் வேறு. வக்கீலுக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பல் ராவும் மெஷினால் கூரையின் பின்பாதியை அறுத்தார். பின்சீட்டைப் பெயர்த்துத் தளம் போட்டு, இடுக்குகளை ஈறு நிற ரெசினால் அடைத்தார். குடும்பத்தோடு போகிற கார், மூட்டை ஏற்றுகிற வண்டியாகிவிட்டது. மேலே பல் வெள்ளை அடித்தார்.

"இது நீங்க செஞ்சதா? நேரா நிக்குதே" என்றாள் மனைவி.

"நிக்காம என்ன செய்யும்?" என்றார். அவருடைய குரல்தான் ஆடியது.

மூன்று வாரமாக வக்கீலிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. அந்த அமைதியே அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

போட்டியன்று வக்கீல் புதுப் பல் செட்டோடும் பூதக்கண்ணாடியோடும் வந்தார். வெள்ளை வண்டியைத் தூக்கினார், கவிழ்த்தார், அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சங்க உறுப்பினர்களான மருந்துக்கடைக்காரரும் தையல்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் ஒப்புக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று பல்லுக்காரருக்குத் தோன்றியது.

"சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி யாரும் பேசக் கூடாது" என்ற வக்கீல், தொண்டையைச் செருமினார். "முதல் பரிசு, இந்த வெள்ளை வண்டிக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். பல்லுக்காரருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கோப்பையைக் கொடுத்த வக்கீல், கை குலுக்குகிற சாக்கில் அவரிடம் குனிந்தார்.

"பிரமாதமா மாத்தியிருக்கீங்க. இதை நான் மருந்துக்கடைக்காரர் வீட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தப்போ, கூரையில கை வைக்க எனக்கே தைரியம் வரலை."

வக்கீல் அவருடைய தோளைத் தட்டினார்.

"அடுத்தது தையல்காரர் முறை. கோட்டுக்கு அளவெடுக்கணும்னு வந்து நிப்பார், அலமாரியைப் பூட்டி வச்சு மனுஷனைச் சங்கடப்படுத்திடாதீங்க."